உப்புத் தண்ணீர் ஊரில் வீட்டுத் துப்புரவுப் பொருட்கள்: நாமே தயாரிக்க முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டுச் சமையல் மேடை கடப்பா கல். அடுப்புக்கு வலப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளுப்பு இருக்கிறது. வினிகர் செய்த வேலை. இயற்கையானது, எதற்கும் ஊற்றலாம் என்று யாரோ சொன்னதை நம்பி ஊற்றிவிட்டு, அரை மணி நேரம் ஊறட்டும் என்று துணி மடிக்கப் போனேன். கடப்பா கல் ஒருவகைச் சுண்ணாம்புக் கல். புளிப்பு பட்டால் சுண்ணாம்பு கரையும். எட்டாம் வகுப்பிலேயே படித்ததுதான். மேடையைத் துடைக்கிற நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

ஆகவே செய்முறைகளுக்கு முன்னால் கொஞ்சம் அடிப்படை. பொறுமையில்லாதவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். ஆனால் கல் வெளுத்தால் என்னிடம் வரக்கூடாது.

புளிப்பு, காரம், நுரை

வீட்டில் செய்யும் துப்புரவுப் பொருள் எதுவானாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

எலுமிச்சை, புளி, வினிகர், பழத்தோல் நொதிநீர் எல்லாம் புளிப்பு. குழாயில் படியும் வெள்ளை உப்பையும், பித்தளையின் கறுப்பையும் கரைப்பது இவற்றின் வேலை. எண்ணெய்ப் பிசுக்கிடம் இவை தோற்றுப்போகும்.

ஆப்ப சோடா, சலவை சோடா, விறகுச் சாம்பல் ஆகியவை காரம். மிளகாய்க் காரம் அல்ல, உப்பின் காரம். இது எண்ணெயைப் பிடித்துச் சோப்பு போல மாற்றிவிடும். பாட்டி காலத்தில் வெறும் சாம்பலால் எண்ணெய்ச் சட்டி பளபளத்ததற்குக் காரணம், சாம்பலில் இருக்கும் பொட்டாசியம் கார்பனேட்.

பூந்திக்கொட்டையும் சீயக்காயும் நுரை. இவற்றில் உள்ள சப்போனின் அழுக்கைச் சுற்றி வளைத்துத் தண்ணீரோடு தூக்கிக்கொண்டு போகும்.

இந்த வகைப்பாடு புரிந்துவிட்டால் காணொளிகளில் வரும் பெரிய வித்தை ஒன்று சாயம் வெளுத்துவிடும். சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டினால் பொங்குகிறது, பார்க்க அழகாக இருக்கிறது. நடப்பது என்னவென்றால் புளிப்பும் காரமும் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடுகின்றன. பொங்கி அடங்கியபின் மிஞ்சுவது கொஞ்சம் உப்பு கரைந்த தண்ணீர். அதைப் பாட்டிலில் அடைத்து "எல்லா அழுக்கும் போக்கும் திரவம்" என்று வைத்துக்கொள்வது மனநிறைவுக்கு மட்டும் உதவும்.

முதல் படி: தண்ணீரைச் சோதியுங்கள்

சென்னையில் இதைச் செய்யாமல் எதைத் தயாரித்தாலும் பாதி வேலைதான். குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர் வரும் வீடு வேறு, ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் அடுக்ககம் வேறு. கோடையில் லாரித் தண்ணீர் வந்துவிட்டால் ஒரே வீட்டில் மாதத்துக்கு மாதம் மாறும். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்தபோது, எந்தத் தொட்டியில் எந்த ஊர்த் தண்ணீர் இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

சோதனை எளிது. மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் எடுத்து, குளியல் சோப்பைச் சீவி ஒரு சிட்டிகை போட்டுப் பத்து எண்ணும்வரை குலுக்குங்கள். நுரை மேலே நின்று, கீழே தண்ணீர் ஓரளவு தெளிவாக இருந்தால் மென்னீர். நுரையே எழாமல் பால் கலந்ததுபோல் கலங்கித் திரிதிரியாக மிதந்தால் கடினநீர். சலவைத் தூளை வைத்து இதைச் செய்யாதீர்கள், அது எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும்படி செய்யப்பட்டது.

கடினநீர் என்றால் வீட்டில் காய்ச்சிய சோப்பை மறந்துவிடுங்கள். தண்ணீரில் உள்ள சுண்ணாம்போடு சேர்ந்து திரிந்து, பக்கெட்டின் உள்விளிம்பில் சாம்பல் நிற வளையமாக ஒட்டிக்கொள்ளும். பூந்திக்கொட்டைக்கு இந்தச் சங்கடம் இல்லை. வேளச்சேரிப் பக்கத்து ஆழ்துளைத் தண்ணீரோடு குடித்தனம் நடத்துகிறவன் என்ற முறையில், நான் அதன் கட்சி.

வாங்க வேண்டியவை

பட்டியல் சிறியது. விதை நீக்கிய பூந்திக்கொட்டை அரை கிலோ, சலவை சோடா ஒரு கிலோ, ஆப்ப சோடா கால் கிலோ, எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலம் கால் கிலோ. மயிலாப்பூரோ மாம்பலமோ, அருகிலிருக்கும் நாட்டு மருந்துக் கடையில் பூந்தி கிடைத்துவிடும். மொத்தமாக வேண்டுமென்றால் பார்க் டவுன் ராசப்பா செட்டித் தெருவுக்குப் போகலாம். கொட்டை பழுப்பாக, தொட்டால் லேசாகப் பிசுபிசுப்பாக இருக்க வேண்டும். காய்ந்து சருகாகிக் கறுத்துப்போனதில் நுரை குறைவு. இவற்றோடு பீர்க்கங்காய் நார், தேங்காய் நார், பழைய வேட்டித் துணி, இரண்டு ஸ்ப்ரே பாட்டில்.

பூந்திக் கரைசல்

1. விதை நீக்கிய 50 கிராம் தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவே ஊறப்போடுங்கள். விதையோடு வாங்கியிருந்தால் உடைத்து எடுத்துவிடுங்கள், விதையில் நுரை கிடையாது.

2. காலையில் அதே தண்ணீரோடு பெரிய பாத்திரத்தில் ஏற்றிச் சிறு தீயில் 20 நிமிடம் கொதிக்கவிடுங்கள். பெரிய பாத்திரம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பால் பொங்குவதைவிட வேகமாகப் பொங்கும், அடுப்பைத் துடைக்கச் செய்த கரைசலே அடுப்பை நாசமாக்கும்.

3. ஆறியதும் கையால் நன்றாகப் பிசைந்து பிழியுங்கள். கண்ணில் தெறித்தால் எரிச்சல் தாங்காது. குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

4. வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். ஏறக்குறைய முக்கால் லிட்டர் வரும்.

5. சக்கையை எறியாதீர்கள். அரை லிட்டர் தண்ணீரில் இன்னொரு கொதி கொதிக்கவிட்டால் குளியலறைத் தரை தேய்க்கப் போதுமான இரண்டாம் தரம் கிடைக்கும்.

சென்னை வெயிலில் இது இரண்டு நாளில் புளித்து நாறிவிடும். குளிர்பெட்டியில் ஒரு வாரம் தாங்கும். அரை தேக்கரண்டி எலுமிச்சை உப்பு சேர்த்தால் இன்னும் சில நாள் கூடுதல். நான் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, தேவைக்கு இரண்டு மூன்று கட்டிகளை எடுத்துக்கொள்கிறேன். ஒருமுறை வீட்டுக்கு வந்த மைத்துனர் அதில் ஒன்றை மோர்க் குவளையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அந்தத் தட்டின்மேல் கொட்டை எழுத்தில் பெயர் ஒட்டியிருக்கிறது.

எவர்சில்வர் பாத்திரங்களுக்கு ஒரு கிண்ணம் தண்ணீரில் மூன்று மேசைக்கரண்டி போதும், பீர்க்கன் நாரால் தேய்க்கலாம். நுரை கடைத் திரவம் அளவுக்கு எழாது. எழவேண்டியதும் இல்லை. அலச ஒரு முறை தண்ணீர் விட்டால் போதும் என்பதுதான் இதன் பெரிய லாபம்.

பட்டுப் புடவைக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. பட்டு இழை காரத்துக்கு ஆகாது, சாதாரணச் சலவைத் தூளும் சோப்பும் காரம். பூந்தி லேசான புளிப்புத் தன்மை உடையது. அரை பக்கெட் குளிர்ந்த தண்ணீரில் அரை மக் கரைசல், ஐந்து நிமிடம், பிழியாமல் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். முந்தானை வேறு நிறமென்றால் சாயம் போகிறதா என்று முதலில் ஒரு ஓரத்தில் நனைத்துப் பாருங்கள். வெள்ளை வேட்டிக்கு மட்டும் வேண்டாம், நாளடைவில் மங்கலான பழுப்பு ஏறும்.

எண்ணெய்ப் பிசுக்கு: சலவை சோடா

பூந்தி தோற்கும் இடம் ஒன்று உண்டு. பூரி பொரித்த வாணலி, அடுப்புக்குப் பின்னால் ஓட்டில் படிந்த தாளிப்புப் புகை, புகைபோக்கி விசிறியின் இறக்கை. வாணலிக்கு மட்டும் ஒரு குறுக்குவழி உண்டு, மற்ற இரண்டுக்கும் காரம் வேண்டும்.

வாணலியில் முதலில் வேண்டியது உறிஞ்சும் பொடி. வண்டு விழுந்த பழைய கடலைமாவு இரண்டு கரண்டி தூவித் துடைத்துக் குப்பைக்கூடையில் போடுங்கள். சிங்கில் போட்டால் குழாய் அடைக்கும். கடலைமாவு இல்லையென்றால் சீயக்காய்த் தூள். இதிலேயே முக்கால்வாசி எண்ணெய் போய்விடும், மிச்சத்தைப் பூந்தியே பார்த்துக்கொள்ளும்.

அடுப்புக்குப் பின்னால் உள்ள ஓடும், விசிறி இறக்கையும் அப்படி அல்ல. ஒரு லிட்டர் கொதிநீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவை சோடாவைக் கரைத்து, கையுறை அணிந்து, துணியில் நனைத்துப் பத்து நிமிடம் ஒற்றிவையுங்கள். பிறகு தேய்த்தால் பிசின் போல இருந்தது வழுக்கிக்கொண்டு வரும். விசிறியின் மின்இணைப்பை முதலில் எடுத்துவிடுங்கள், இறக்கை அலுமினியமாக இருந்தால் சோடாவே வேண்டாம். அலுமினியத்தைச் சலவை சோடா அரிக்கும், கறுப்பாக்கும். அலுமினிய இட்லிப் பானைக்கும் இதே எச்சரிக்கை. அங்கெல்லாம் ஆப்ப சோடாவைக் குழைத்துப் பூசி உடனே கழுவுங்கள்.

சலவை சோடாவும் ஆப்ப சோடாவும் ஆலையில் உருவாவதுதானே, இயற்கை எப்படி ஆகும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அரளி விதைகூட இயற்கைதான் என்பது என் பதில். பொருள் எங்கே பிறந்தது என்பதைவிட, அது என்ன செய்யும், சாக்கடையில் போன பிறகு என்ன ஆகும் என்பதைப் பார்க்கிறேன்.

குழாய் உப்புக்கு எலுமிச்சை உப்பு

கடினநீர் வீடுகளில் குழாய் முனையில் வெள்ளைப் படிவம் முளைக்கும். தேய்க்க வேண்டாம், கரைக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பு. துணியை நனைத்துக் குழாயில் சுற்றி அரை மணி நேரம் விடுங்கள். ஷவர் தலையானால் பிளாஸ்டிக் பையில் இந்தத் தண்ணீரை ஊற்றி, தலை மூழ்கும்படி ரப்பர் வளையத்தால் கட்டிவிடலாம். பிறகு நன்றாகக் கழுவித் துடைத்துவிட வேண்டும், ஊறிக்கொண்டே இருந்தால் முலாம் மங்கும். தண்ணீர் காய்ச்சும் கெட்டிலின் அடியில் படிந்த சுண்ணாம்புக்கும் இதே கரைசலை ஒரு கொதி விட்டு ஆறவைத்துக் கொட்டினால் போதும். கடை வினிகரும் இதைச் செய்யும். ஆனால் வாசனை வீட்டையே ஊறுகாய் ஜாடி ஆக்கும்.

கடப்பா, பளிங்கு, மொசைக் தரை, சுண்ணாம்பு அடித்த சுவர்: இந்த நான்கிலும் எந்தப் புளிப்பும் படக்கூடாது. பழைய திருவல்லிக்கேணி, மாம்பலம் வீடுகளின் மொசைக்கில் இருப்பதும் சிமென்ட்டில் பதித்த பளிங்குச் சில்லுகள்தான். அங்கே எலுமிச்சை உப்பு சேர்க்காத பூந்தி மட்டும்.

பழத்தோல் நொதிநீர்

பலரும் இதைத்தான் தேடி வருகிறார்கள், எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தாய்லாந்தின் ரோசுகோன் பூம்பன்வோங் பரப்பிய முறை இது. இப்போது நம் ஊர் மொட்டைமாடிகளிலும் வரிசையாகப் பாட்டில்கள் நிற்கின்றன. விகிதம் 1:3:10. வெல்லம் 100 கிராம், சாத்துக்குடி அல்லது ஆரஞ்சு அல்லது எலுமிச்சைத் தோல் 300 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர்.

மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும். அகன்ற பாத்திரத்தில் ஓர் இரவு திறந்து வைத்த பிறகு பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் நொதிக்க வேண்டிய நுண்ணுயிர்களையே அடக்கிவிடும். பாட்டில் இரண்டு லிட்டர் பிளாஸ்டிக். மூன்றில் ஒரு பங்காவது காலியாக இருக்க வேண்டும். கண்ணாடி வேண்டவே வேண்டாம். முதல் மாதம் தினமும் ஒரு முறை மூடியைத் திறந்து வாயுவை வெளியேற்றி இறுக்குங்கள். சித்திரை வெயிலில் காலை, மாலை இரண்டு வேளையும். நான் இரண்டு நாள் வெளியூர் போய்வந்தபோது பாட்டில் வெடித்து, சாத்துக்குடித் தோல் பரணில் ஒட்டியிருந்தது. இரண்டு நாள் என்பது வெயில் காலத்தில் மிக நீண்ட காலம்.

மேலே வெண்ணிறப் படலம் வந்தால் பயமில்லை, குலுக்கிவிடுங்கள். கறுப்புப் பூஞ்சை வந்தால் குப்பைக்கு. 90 நாள் கழித்து வடிகட்டினால் தேன் நிறத்தில், புளிப்பும் பழவாசனையும் கலந்த நீர் கிடைக்கும். சாறு பிழியும் கடையில் கேட்டால் தோலை மகிழ்ச்சியாகக் கொடுத்துவிடுவார்கள். நன்றாகக் கழுவி எடுங்கள். சமைத்தது, எண்ணெய் பட்டது எதுவும் உள்ளே போகக்கூடாது.

இதை என்சைம் என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. அழுக்கை அகற்றுவதில் பெரும்பங்கு நொதித்தலில் பிறந்த அசிட்டிக், லாக்டிக் அமிலங்களுக்குத்தான். எனவே இதுவும் புளிப்புக் கட்சியே, மேலே சொன்ன நான்கு இடங்களில் இதுவும் படக்கூடாது. பீங்கான் ஓட்டுத் தரைக்கு அரை பக்கெட் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி. கழிவறைப் பீங்கானுக்கு அப்படியே ஊற்றி ஓர் இரவு. துடைத்த தரையில் எறும்பு ஊர்ந்தால் வெல்லம் இன்னும் தீரவில்லை என்று அர்த்தம். பாட்டிலை மேலும் ஒரு மாதம் வையுங்கள்.

பித்தளை, வெள்ளி

குத்துவிளக்குக்குத் தனியாகப் புளி வாங்க வேண்டாம். ரசத்துக்குக் கரைத்துப் பிழிந்த சக்கையிலேயே போதிய புளிப்பு இருக்கிறது. கல்லுப்பு ஒரு சிட்டிகை சேர்த்துத் தேங்காய் நாரால் தேய்த்து உடனே கழுவி, ஈரமில்லாமல் துடையுங்கள். புளி ஒட்டியிருந்தால் பச்சை பூக்கும். மேல் மினுக்கத்துக்கு விபூதி. வெள்ளிக்கும் விபூதி போதும். மிகவும் கறுத்திருந்தால் எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, வெள்ளி அதன்மேல் படும்படி வைத்து, கொதிநீரும் ஒரு கரண்டி ஆப்ப சோடாவும் விடுங்கள். கறுப்பு என்பது கந்தகம் ஏறிய வெள்ளி. அந்தக் கந்தகம் அலுமினியத்துக்கு மாறிவிடும். அழுகிய முட்டை வாடை வந்தால் வேலை நடக்கிறது. கல் பதித்த நகைக்கும், வேண்டுமென்றே கறுப்பு ஏற்றிய வேலைப்பாட்டுக்கும் இதைச் செய்யாதீர்கள்.

எங்கே நிறுத்த வேண்டும்

இவை எல்லாம் அழுக்கை எடுக்கும். கிருமியைக் கொல்லும் என்று நம்பிவிடக்கூடாது. கோழி நறுக்கிய பலகைக்குப் பூந்திக்குப் பிறகு கொதிநீர் வேண்டும். வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால் கழிவறைக்குப் பிளீச்சிங் பவுடர்தான். 2015 டிசம்பரைப் போல வெள்ளம் உள்ளே வந்து, சாக்கடையும் கீழ்நிலைத் தொட்டியும் ஒன்றாகிவிட்டால் பழத்தோல் நீரை நம்பி உட்காரக்கூடாது. கழுவி, குளோரின் போட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் சுவரில் பூக்கும் பூஞ்சைக்கு, சுண்ணாம்பு அடிக்காத சுவர் என்றால், வினிகரைத் தண்ணீர் கலக்காமல் தெளித்து ஒரு மணி நேரம் கழித்துத் தேய்க்கலாம். சுவரில் கசிவு இருக்கும்வரை அது திரும்பி வரும்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. தெருவில் வண்டியில் தள்ளிவந்து விற்கும் ஆசிட்டை மட்டுமல்ல, வினிகர், எலுமிச்சை உப்பு, பழத்தோல் நொதிநீர் எதையுமே பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கக்கூடாது. புளிப்பும் பிளீச்சிங்கும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் அது மூச்சை அடைத்துவிடும். இரவு நொதிநீர் ஊற்றிய கழிவறையில், வேலைக்கு வரும் அம்மா காலையில் தெரியாமல் பிளீச்சிங் தூவுவது மிக எளிதாக நடக்கக்கூடியது. எது ஊற்றியிருக்கிறது என்று அவரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள், கதவிலும் எழுதி ஒட்டுங்கள்.

நொதிநீர் தேநீர் நிறத்தில் இருக்கும், சலவை சோடா உப்பு போலவே இருக்கும். குளிர்பானப் பாட்டிலிலும் மளிகை டப்பாவிலும் வைக்காதீர்கள்.

கழுவிய தண்ணீரைச் செடிக்கு விடுகிறவர்களுக்கு: பூந்தித் தண்ணீரும், நன்கு நீர்த்த பழத்தோல் நீரும் மண்ணைத் தொந்தரவு செய்யாது. சலவை சோடா கலந்தது வேண்டாம், அதன் சோடியம் மண்ணை இறுக்கிவிடும். மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் பூந்திக் கரைசல் பக்கெட்டைத் தள்ளியே வையுங்கள். சப்போனின் மீனின் செவுளைப் பாதிக்கும். கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்து பட்டு அலசும் ஆசை வந்தாலும், தண்ணீரை வீட்டிலேயே கொட்டிவிட்டுப் போங்கள்.